கோட்டுக்கு ஒரு விரல் கீழே

மூன்றாவது இன்ஜெக்டரும் கோட்டைத் தொடவில்லை. சரியாக ஒரு விரல் கீழே நின்றுவிட்டது.

"இதுவும் போலிச் சரக்கு" என்றார் டாக்டர்.

டாக்டர் என்றால் லாரிகளுக்கு டாக்டர். சோதனை பண்ணாமல் ஒரு திருகைக்கூடக் கழற்ற மாட்டார் என்பதால் அந்தத் தெரு வைத்த பெயர். அவர் பட்டறை வாசலில் நாலு நாளாக ஒரு பெரிய லாரி நின்றது. புகையின் நஞ்சைக் குறைக்க, சைலன்சருக்குள் யூரியாத் தண்ணீரைப் பீய்ச்சும் சின்ன இன்ஜெக்டர் ஒன்று அதில் உண்டு. அது ஒழுங்காகப் பீய்ச்சவில்லை என்றால் வண்டியின் கம்ப்யூட்டர் கோபித்துக்கொண்டு இன்ஜினின் பலத்தைக் குறைத்துவிடும். அப்புறம் சைக்கிள்காரன்கூட மணியடித்து வழி கேட்டு முந்திப் போவான்.

சோதனை எளிதுதான். இன்ஜெக்டரைக் கழற்றி ஒரு ஜக்குக்குள் நீட்டி வைத்து, லேப்டாப்பில் ஒரு தட்டுத் தட்டினால் அதுவாகப் பீய்ச்சி அதுவாக நிற்கும். நூறு மில்லி வரவேண்டும். இதற்கென்று இருந்த அளவுக் கண்ணாடி போன மாதம் டாக்டரின் கை தவறி உடைந்துபோனது. அன்றிலிருந்து, வீட்டுச் சமையலறையில் இருந்து சொல்லாமல் எடுத்து வந்த பிளாஸ்டிக் ஜக்குதான். அதில் பளிச்சென்று சிவப்புக் கோடுகள் இருந்தன. டாக்டரின் வயதுக் கண்ணுக்கு அவை ரொம்பவே தோதாக இருந்தன.

"போலின்னு எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டார் லாரி டிரைவர்.

"என்னைப் பார்க்காதீங்க. கோட்டைப் பாருங்க."

முதல் இன்ஜெக்டர் வண்டியோடு வந்தது. அதன் மூக்கில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. வெந்நீரில் ஊறப்போட்டதும் எல்லாம் கரைந்து புதுசுபோல ஆகிவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். விட்டால் அவர் டாக்டரா? ஜக்கில் வைத்துப் பார்த்தார், ஒரு விரல் குறைந்தது. ஊசியை எடுத்து ஓட்டையைக் கொஞ்சமே கொஞ்சம் குடைந்தார். இப்போது கோட்டை அச்சாகத் தொட்டது. சந்தோஷமாக மாட்டி அனுப்பினார். மறுநாளே லாரி சைலன்சர் நிறைய வெள்ளைக் கட்டியோடு ஊர்ந்து திரும்பி வந்தது.

"உள்ளே உப்பளம் போட்டிருக்கீங்க" என்றார் டிரைவர்.

அதற்கு மேல்தான் எதிர்க்கடையில் இருந்து புது இன்ஜெக்டர் வந்தது. அங்கே உதிரிபாகக் கடை வைத்திருப்பவன் டாக்டரின் மச்சினன், மனைவிக்கு ஒரே தம்பி. அது ஒரு விரல் குறைந்தது. திருப்பிக் கொடுத்து வேறு வாங்கினார். இதோ, அதுவும் அதே ஒரு விரல்.

"மாட்டித்தான் பாருங்களேன்" என்று கெஞ்சினார் டிரைவர்.

"பரீட்சையில பெயிலானதை எப்படி மாட்டுறது? மூணும் ஒரே இடத்துல நிக்குது பார்த்தீங்களா? இது ஒரே ஆளோட கைவேலை."

"முதல் இன்ஜெக்டர் வண்டியோட வந்ததாச்சே?"

"குறுக்கே பேசாதீங்க."

மச்சினனைக் கூப்பிட்டனுப்பினார். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் நாலு பேர் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள்.

"என்ன மாப்ளே, சொந்த மாமனுக்கே போலியைத் தள்ளிவிடுறியா?"

மச்சினன் ஜக்கை எடுத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். சிவப்புக் கோட்டை நகத்தால் ஒருமுறை வருடினான்.

"இந்த ஜக்கு எங்கேர்ந்து மாமா?"

"வீட்டுலேர்ந்துதான். ஏன், குறை இப்ப ஜக்குலயா?"

மச்சினன் வாயைத் திறந்து, மூடிக்கொண்டான். முன்பொரு தடவை டாக்டரின் ஸ்பேனரை எடுத்து அவர் மனைவி சுவரில் ஆணி அடித்துவிட்டாள். மூன்று நாள் வீடு இரண்டுபட்டது. அப்போது நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்கியவன் இந்த மச்சினன்தான்.

"இல்ல மாமா. என் சரக்குலதான் குறை இருக்கும்" என்றான். போகும்போது திரும்பி வந்து, தாழ்ந்த குரலில், "இதைப் பத்தி அக்காகிட்ட மட்டும் ஒண்ணும் கேட்காதீங்க" என்றான்.

"பார்த்தீங்களா? திருட்டுப் பயலுக்கு இப்பத்தான் அக்கா ஞாபகம் வருது" என்றார் டாக்டர், தெருவுக்கே கேட்கும்படி.

அந்த வார்த்தை வாயை விட்டுப் போன கணமே அவருக்குச் சுருக்கென்றது. ஆனால் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சேதி வீட்டுக்கு அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து மனைவி அவரோடு பேசவில்லை. தட்டு வரும், தண்ணீர் வரும், பேச்சு வராது. நாலு மணிக்கு மச்சினன் வந்து உட்கார்ந்து டீ குடிக்கும் முக்காலி பட்டறையில் சும்மா கிடந்தது. பழக்கதோஷத்தில் டாக்டர் இரண்டு டீ சொல்லிவிட்டு இரண்டையும் தானே குடித்தார். இரண்டும் இறங்கவில்லை.

தினமும் காலையில் அந்த இன்ஜெக்டரை மறுபடி சோதித்தார். டிரைவருக்கு அது பிடிவாதமாகத் தெரிந்தது. உண்மையில் டாக்டர் உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு தடவை கோட்டைத் தொட்டுவிடு, ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொள்கிறேன் என்று. அது தொடவே இல்லை. தான் சொன்னது சரியென்று தினமும் தெரிந்துகொள்வது இவ்வளவு வேதனையாக இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை.

அந்த நாலு பேரும் நாற்பது பேரிடம் சொன்னார்கள். எதிர்க்கடைக்கு ஆள் வருவது நின்றது. மச்சினன் கடையை மூடிவிட்டு மாமனார் ஊரோடு போகப்போகிறான் என்று டிரைவர்தான் வந்து சொன்னார்.

பதினோராம் நாள், தொலைவில் உள்ள பெரிய கடையில் இருந்து சீல் பிரிக்காத இன்ஜெக்டர் ஒன்றைத் தருவித்தார் டாக்டர். சோதித்தார். கோட்டுக்கு ஒரு விரல் கீழே.

டிரைவர் நிதானமாகச் சொன்னார்: "லாரி செஞ்சவன், உங்க மச்சான், பெரிய கடைக்காரன் எல்லாரும் திருடன். நல்ல உலகம்தான்."

டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. எதிரே இரண்டு பேர் கடைப் பலகையைக் கழற்றி இறக்கிக்கொண்டிருந்தார்கள். மச்சினன் கீழே நின்று, பலகை சுவரில் இடிக்காமல் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் அவன் திரும்பவே இல்லை. டாக்டர் வாசல்வரை போனார். சோதனை தன் பக்கம் இருக்கும்போது என்னவென்று மன்னிப்புக் கேட்பது? திரும்பி வந்தார்.

கடைசியாக ஒரு தடவை நல்ல வெந்நீரில் ஊறவைத்துப் பார்க்கலாம் என்று இன்ஜெக்டரையும் ஜக்கையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அடுப்பருகே நின்ற மனைவி அவரைப் பார்க்கவில்லை. அவர் கையில் இருந்ததைப் பார்த்தாள்.

"இந்த ஜக்கைத்தான் வீடு பூரா தேடிட்டிருந்தேன்" என்றாள்.

பதினோரு நாளுக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை. டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இங்க பாரும்மா, உன் தம்பி மேல எனக்கு என்ன பகை? மறுபடி மறுபடி அளந்து பார்த்துட்டேன். இந்தச் சிவப்புக் கோட்டைத் தொடவே மாட்டேங்குது. கோடு சொல்றதைத்தானே நான் சொன்னேன்?"

"இந்தக் கோடா?" அவள் ஜக்கை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "பழைய கோடு அழிஞ்சு போச்சேன்னு நான்தான் நகப்பூச்சால குத்துமதிப்பா இழுத்துவிட்டேன். அப்ப தம்பிதானே ஜக்கு ஆடாம பிடிச்சுக்கிட்டிருந்தான், அவன் உங்ககிட்ட சொல்லலையா?"