பவுசரின் பல்லுக்கு ஒரு பெர்மிட்

கப்பல்துறை,
திங்கட்கிழமை.

அன்புள்ள மகள் பிரசாந்திக்கு,

கோணேசர் கிருபையால் நானும் அம்மாவும் சுகம், என் கடைவாய்ப் பல் ஒன்றைத் தவிர. கொழும்பில் நீயும் குறைவில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இதை வட்ஸ்அப்பில் எழுதினால் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சி ஒன்றை அனுப்பிவிட்டு உன் வேலையைப் பார்ப்பாய், அதனால்தான் கடிதம். உன் நாய்க்குட்டி பவுசரை வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் அலுவலகச் சினேகிதி வந்து கொண்டுபோய் வளர்க்கட்டுமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகக் கொண்டுபோகட்டும். காரணத்தைக் கேள்.

நீ பவுசரை விட்டுவிட்டுப் போன நாலாம் நாளே அவனுக்குப் பல் குறுகுறுக்கத் தொடங்கிவிட்டது. குசினிக் கதிரையின் கால், அலுமாரியின் மூலை, அம்மா கோயிலுக்குப் போடும் செருப்பு எல்லாம் போய்விட்டன. கடிக்க ஏதாவது நல்லதாக வாங்கிக் கொடுங்கள் என்றாய். எது நல்லது என்று சொல்லவில்லை. சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் முப்பத்தொரு வருடம் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருந்தவனுக்கு அதைச் சொல்லித்தரத் தேவையுமில்லை. அங்கே ஒரு ஆணி அடிப்பதற்கும் பெர்மிட் வேண்டும். முடியும் நேரம் எழுதாத பெர்மிட்டில் நான் ஒருநாளும் கையெழுத்து வைத்ததில்லை. அதற்காகப் பெரியவர்களோடு சண்டையும் பிடித்திருக்கிறேன். ஆகவே ஒரு கொப்பி வாங்கிக் கோடு போட்டேன். கடிக்கும் பொருள், அளவு, கடினம், பக்கத்தில் இருப்பவர், தொடங்கும் நேரம், முடியும் நேரம். பவுசர் இங்கே தங்குவதற்கும் தினமும் காலையில் ஒரு பெர்மிட், அடுத்த நாள் காலை ஆறு மணிவரை மட்டும்.

முதலில் டவுனில் முடிச்சுப் போட்ட தோல் துண்டொன்று வாங்கினேன். கால் மணித்தியாலத்தில் அது ஊறின அப்பளம் மாதிரி ஆகி, ஒரு துண்டு அவன் தொண்டையில் இறுகிவிட்டது. கண் பிதுங்க நின்றான். இரண்டு விரலை விட்டு இழுத்து எடுத்தேன். பிறகு அவன் வாலை ஆட்டிக்கொண்டு போய்விட்டான். நான் உண்மையாகவே பயந்துபோனேன், மகள். அம்மா கேட்டது ஒன்றுதான்: “பெர்மிட் குடுத்தது ஆர்?”

அடுத்து அவள் குழம்புக் கோழி எலும்பைக் கொண்டுவந்தாள். அவித்த எலும்பு சிதறிக் குடலைக் குத்தும் என்று மறுத்தேன். “கலியாணம் முடிச்ச நாள் துவக்கம் நீங்கள் கடிக்கிறது என்ன, ரப்பரே?” என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் கதைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து என்னோடு வேலை செய்த அபூதாஹிர் கிண்ணியாவிலிருந்து ஒரு எருமைக் கொம்புத் துண்டோடு வந்தார். “இதைக் குடுங்க, ஒரு வருசத்துக்கு வேற ஒண்டும் கேக்காது” என்றார். நகம் பதியாத பொருள் குட்டியின் பல்லை உடைக்கும் என்று மிருக வைத்தியர் சொல்லியிருந்தார். நகத்தால் அழுத்திப் பார்த்தேன், பதியவில்லை. “அது உங்கட நகம் பழசு” என்றார் அபூதாஹிர். மேற்பார்வையாளன் சும்மா விடலாமா? நானே கடித்துப் பார்த்தேன்.

பல் வைத்தியர், “எதைக் கடிச்சனீங்கள் ஐயா?” என்றார். “கரும்பு” என்றேன். “எருமைக் கொம்பு, டொக்டர்” என்றாள் உன் அம்மா. வெளியே வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்டது.

கடைசியில் ஒரு ரப்பர் வளையம் கிடைத்தது. நகம் பதிகிறது, அவன் வாயை விடப் பெரியது, பிரிட்ஜில் வைத்துக் குளிராகக் கொடுக்கலாம். எல்லாச் சோதனையிலும் தேறிவிட்டது. ஆனால் மற்றப் பக்கத்தை நான் பிடித்துக்கொண்டால்தான் பவுசர் துரை கடிப்பார். பேப்பர் வாசிக்க ஏலாது, கண்ணயர ஏலாது, என் காலுக்கு மேலே படுத்துக்கொண்டு வளையத்தை மடியில் தூக்கிப் போடுகிறான். இந்த வயதில் எனக்கு இது தேவையா? ஆகவே உன் சினேகிதி ஞாயிறு காலையே வந்தால் உதவி.

வேளைக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே. அம்மாவும் நானும் உன்னை நினைக்காத நாளில்லை.

இப்படிக்கு,
அன்பு அப்பா
பொ. இராசதுரை
பாதுகாப்பு மேற்பார்வையாளர் (ஓய்வு)

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது அம்மா கொப்பியைக் கொண்டுவந்து நீட்டினாள். பவுசர் தங்குவதற்கான இன்றைய பெர்மிட்டை அவளே எழுதியிருக்கிறாள். முடியும் நேரம் என்ற இடத்தில் ஒன்றும் இல்லை. “இதை எழுதேல்லையே?” என்றேன். “உங்களுக்கு விருப்பமெண்டா எழுதுங்கோ” என்றாள். பேனையை எடுத்தேன். கீழே அவன் வளையத்தோடு நின்றான். வெறும் இடத்தை அப்படியே விட்டுக் கையெழுத்து வைத்துவிட்டேன். உன் சினேகிதியிடம் வேறு குட்டி பார்க்கச் சொல்.