கறுப்பு நாயும் ஒரு சட்டையும்

திராவ்னிக் ஊரில், பயம் தெளிய வைக்கும் ஃபிக்ரெதா வீட்டு வாசலில் அன்றும் கூட்டம். பிள்ளை அழுதால் பயம் பிடித்திருக்கிறது. மருமகன் குடித்தாலும் பயம்தான். ஃபிக்ரெதா ஈயத்தை உருக்கி, நோயாளியின் தலைக்கு மேல் பிடித்த தண்ணீர்ச் சட்டியில் ஊற்றுவாள். சுருண்டு கிடக்கும் ஈயத்தில், பயமுறுத்தியது யாரென்று காட்டுவாள். பெரும்பாலும் கறுப்பு நாய். ஊரிலுள்ள கறுப்பு நாய்கள் பாவம், ஓய்வில்லாமல் உழைத்தன.

வரிசையில் செனாதா, மூன்று வயது மகன் தாரிக்கை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாந்திமேல் வாந்தி. வேர்த்து, வெளுத்து, எச்சில் ஒழுகத் துவண்டு கிடந்தான் பிள்ளை.

"நாயேதான்," என்றாள் பக்கத்தில் நின்றவள்.

நாத்தனார் ஹைரியா ஓடி வந்து பிள்ளையின் வாயை முகர்ந்தாள்.

"புதினா வாசனை! அண்ணி, அண்ணன் உதட்டுக்கடியில ஒதுக்குற நிகோடின் பொட்டலம் எங்க?"

"டப்பா சோபாவுல... திறந்து கிடந்துச்சு."

"மிட்டாய்னு முழுங்கியிருக்கான். கிளம்புங்க ஆஸ்பத்திரிக்கு!"

"ஊசி போட்டா பயம் ரெட்டிக்கும்டி!" ஃபிக்ரெதா உள்ளிருந்து கத்தினாள். "சட்டையையாவது விட்டுட்டுப் போ, அதுக்கு ஊத்துறேன்!"

செனாதா பிள்ளையின் சட்டையை உருவிப் போட்டுவிட்டு ஓடினாள்.

"இன்னும் தாமதிச்சிருந்தா வலிப்பு வந்திருக்கலாம், மூச்சே நின்னிருக்கலாம்," என்றார் டாக்டர். தாரிக் பிழைத்தான். அவன் வீடு திரும்புமுன் ஃபிக்ரெதாவின் புகழ் ஊரைச் சுற்றி வந்துவிட்டது. சட்டைக்கு ஊற்றினாளாம், பிள்ளை எழுந்துவிட்டானாம்! எதற்கும் இருக்கட்டும் என்று செனாதாவே காப்பியும் சர்க்கரையும் கட்டிக்கொண்டு நன்றி சொல்லப் போனாள். ஹைரியாவும் ஒரு சட்டையோடு கூடப் போனாள்.

"எங்க வீட்டு ஆளோடது, அக்கா. நின்ன இடத்தை விட்டு அசையுறதில்ல. பேச்சும் இல்ல."

ஈயம் சீறியது. ஃபிக்ரெதா கண்ணை இடுக்கினாள்.

"கறுப்பு நாய்! பக்கத்து வீட்டுக்காரி கண்ணும் பட்டிருக்கு."

"நல்லா பாருங்கக்கா."

"என்னையே சோதிக்கிறியா? அவன் நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிறது எனக்கு இங்க கேக்குது!"

"நெஞ்சா? இது எங்க சோளக்கொல்லைப் பொம்மையோட சட்டை, அக்கா."

முதலில் சிரித்தவள், அன்று வரிசையில் 'நாயேதான்' என்றவள்தான்.

"பொம்மைக்கும்... பயம் வரும்," என்று முனகினாள் ஃபிக்ரெதா.

செனாதா காப்பிப் பொட்டலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். வெட்கத்தில் முகம் எரிந்தது. ஈயம் ஆறும்வரை காத்திருந்தால் பிள்ளை உடம்பும் ஆறிப்போயிருக்கும்.

வரிசையில் சிலர் இன்னும் அசையவில்லை. ஹைரியா வாசலில் நின்று திரும்பினாள்.

"பொம்மை தலையில வைக்கோல். அது நின்ன இடத்துலயே நிக்கும். நீங்க ஏன் நிக்கிறீங்க?"