ஈரப்பதம் சாரும் என் முன்பல்லும்

உலகத்து மனிதர்களை ஈரப்பதம் சார் இரண்டே வகையாகப் பிரித்திருந்தார்: எடை போட்டுப் பேசுகிறவர்கள், கண்ணால் பார்த்துப் பேசுகிறவர்கள். இரண்டாம் வகையோடு உட்கார்ந்து நாஷ்டாகூடச் சாப்பிட மாட்டார்.

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்த்த இரும்பு ஆலையின் லேபில் அவர்தான் சீனியர். லாரியில் வரும் நிலக்கரியில் ஒரு பிடி எடுத்து, எடை போட்டு, ஓவனில் காயவைத்து, மறுபடி எடை போட்டு, குறைந்தது அத்தனையும் தண்ணீர் என்று சீட்டு எழுதுவது வேலை. அதோடு நின்றாரா? டீக்கடை பொறை, மேனேஜரின் கைக்குட்டை, கேன்டீன் இட்லி எல்லாம் அந்த ஓவனுக்குள் போய் வந்தவைதான்.

“இன்னா சார், இட்லிய துன்னப் போறீங்களா, டெஸ்ட்டு பண்ணப் போறீங்களா?” என்பார் கேன்டீன் அக்கா.

“துன்றதுக்குத்தாம்மா டெஸ்ட்டே” என்பார் இவர்.

ஒருநாள் மின்சார ரயிலில் முண்டியடித்து ஏறியபோது கம்பி இடித்து என் முன்பல் உடைந்தது. பஜாரில் இருந்த பல் டாக்டரம்மா வேரைச் சுத்தம் செய்து, உள்ளே பசை வைத்து ஒரு குச்சியை நட்டு, அதன்மேல் பல் கட்டினார். மூன்றாம் நாள் அது சாம்பாரில் விழுந்தது. முருங்கைக்காய்களுக்கு நடுவே தேடி எடுத்தேன். மறுபடி ஒட்டினார்; மறுபடி விழுந்தது. அடுத்த ஞாயிறு திருப்பாச்சூரில் எனக்குப் பெண் பார்க்கும் ஏற்பாடு. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. ஓட்டைப் பல்லோடு போனால் இதுவும் போச்சு என்று அம்மா அழுதேவிட்டாள்.

அடுத்த தடவை துணைக்கு ஈரப்பதம் சார் வந்தார். வந்தவர் சும்மா இருக்கவில்லை.

“வேருக்குள்ள இன்னா மேடம் ஊத்துறீங்கோ?”

“லேசான ஆசிட் சார். குடைஞ்ச தூள் ஒட்டிக்கினு இருக்கும், அதைக் கழுவ.”

“ஆசிட்டுன்னா வேர்ல கீற சுண்ணாம்பும் கொஞ்சம் கரையுமே. கரைஞ்ச எடத்துல தண்ணி பூந்துக்கும். இப்ப ஈரம் எத்தினி பர்சன்ட்டு?”

“அதெல்லாம் பாக்க மாட்டோம் சார். காத்தடிச்சுக் காயவெப்போம். கண்ணால பாத்தாலே தெரியும்.”

கண்ணால்! சாரின் முகம் சுருங்கிவிட்டது. டாக்டரம்மாவை நச்சரித்து, பிடுங்கிப்போட்ட பற்கள் ஒரு கைப்பிடியும் அந்த ஆசிட்டும் பசையும் வாங்கிக்கொண்டுதான் இடத்தைக் காலி செய்தார். அந்த வாரம் முழுக்க எங்கள் லேபில் நிலக்கரிக்கு இடமில்லை.

“யோவ், கரி லாரி கேட்டாண்ட நிக்குதுய்யா!” என்று மேனேஜர் வந்து கத்தினார்.

“நிக்கட்டும் சார். பையனுக்குப் பல்லு நிக்கலியே” என்றார் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சனிக்கிழமை, கம்பெனி படிவத்திலேயே ரிப்போர்ட் தயார். மாதிரி: மனிதப் பல் வேர். சப்ளையர்: டாக்டரம்மா. ஆசிட்டில் ஊறிய வேர் கூடுதலாகத் தண்ணீர் பிடித்துவைக்கிறது. அதை ஒட்டக் காயவைத்தால் சுருங்கிப்போய்ப் பசை பிடிப்பதில்லை. சொட்டச் சொட்ட விட்டாலும் பிடிப்பதில்லை. காகிதத்தால் ஒற்றி எடுத்த வேரில் மட்டும், குறடு போட்டு இழுத்தும் குச்சி வரவில்லை.

டாக்டரம்மா படித்துவிட்டுச் சிரித்தார். “இது எங்க புக்லயே இருக்கு சார்.”

“இருக்குதுல்ல? அப்பால எதுக்கு மேடம் அம்மாம் காத்து அடிச்சீங்கோ?”

டாக்டரம்மா காற்றுக் குழாயை ஓரமாக வைத்துவிட்டு, மெல்லிய காகிதக் குச்சிகளால் வேரை ஒற்றி எடுத்துப் பல்லைக் கட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை, கூப்பிடாமலே சாரும் திருப்பாச்சூருக்கு வந்துவிட்டார். பெண் வீட்டில் தட்டு நிறைய முறுக்கு வைத்தார்கள். நான் ஒன்றை எடுத்ததுதான் தாமதம்.

“நைனா, அத்த வாயில வெக்காத! அதுல ஈரமே கெடையாது!” என்று கூடம் அதிரக் கத்தி, கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டார்.

கதவோரம் நின்ற பெண்ணின் முகம் வாடிவிட்டது. “நான்தான் சுட்டேன். நல்லா இல்லியா?” என்றாள்.

அந்தக் குரலைக் கேட்ட பிறகு என்ன ஆனால் என்ன என்று தோன்றிவிட்டது. இன்னொரு முறுக்கை எடுத்து முன்பல்லாலேயே கடித்தேன். கடக் என்று ஒரு சத்தம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். உடைந்தது முறுக்குதான்.

“நின்னுக்கிச்சு!” என்று துள்ளி எழுந்து பெண்ணின் அப்பாவுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார் சார். எதற்கு என்று என் மாமனாருக்கு இன்றுவரை தெரியாது.

சார் ரிட்டயராகி இப்போது சோழவரம் பக்கம் இருக்கிறார். மாதம் தவறாமல் போன் செய்து, “பல்லு எப்பிடிக்கீது நைனா?” என்பார். நான் எப்படி இருக்கிறேன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவரை நினைத்துத்தான் இப்போதும் சிரித்துக்கொண்டிருக்கிறேன். சிரித்தால் முதலில் தெரிகிற பல், அவர் நிற்கவைத்துக் கொடுத்தது.