பொதுமக்கள் ஒருவர்

“எத்தின பேர் பாக்கிறாங்க புள்ள?” தவிசாளர் அப்துல் மஜீத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

முக்காலியில் பூட்டிய ஃபோனுக்குப் பின்னால் நின்ற சிவாஜினி திரையைப் பார்த்தாள். “ஒண்டு, சேர்.”

“ஓராயிரமா?”

“இல்லை சேர். ஒண்டு.”

பிரதேச சபையின் மாதாந்த அமர்வை முகநூலில் நேரலையாகக் காட்டவேண்டும், பொதுக்காரியங்களில் சனத்துக்கு ஆர்வம் வரவேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. அது தவிசாளருக்கு வந்து, செயலாளருக்கு இறங்கி, கடைசியில் அபிவிருத்தி உத்தியோகத்தரான சிவாஜினியின் தலையில் தங்கியது. சபைக் கந்தோரில் வேலை செய்தவர்களில் நல்ல ஃபோன் அவளிடம்தான் இருந்தது. செய்த குற்றம் அவ்வளவுதான்.

ஊரில் ஃபோன் இல்லாத ஆளில்லை. கரையோர வீதியில் போகும் குச்சவெளி பஸ்ஸில் ஏறினால் அத்தனை தலையும் குனிந்தபடிதான் இருக்கும். ஆனால் குனிந்த தலைகளில் ஒன்றாவது சபையைப் பார்க்கவில்லை. அந்த ஒன்றைத் தவிர.

திரையின் அடியில் ஒரு வரி முளைத்தது. அனுப்பியவர் பெயர் ‘இராசையா இராசையா’. முகத்துக்குப் பதிலாக ஒரு வள்ளத்தின் படம்.

‘எல்லாரும் ஒரே நேரத்தில கதைக்காதேங்கோ. ஒராள் ஒராளாக் கதையுங்கோ.’

சிவாஜினி வாசித்துக் காட்டினாள். தவிசாளர் கதிரையை விட்டு எழுந்தேவிட்டார்.

“கேட்டீங்களா? பொதுமக்கள் பேசுறாங்க! ஒவ்வொருத்தராக் கதைங்க.”

அன்று முதன்முறையாக உறுப்பினர்கள் வரிசைப்படி பேசினார்கள். வடிகானைப் பற்றி யார் என்ன நினைக்கிறார் என்பது மற்றவர்களுக்கும் அன்றுதான் தெரிய வந்தது.

ஆனால் ஆள் கூடவில்லை. அடுத்த அமர்வில் சிவாஜினி ஒரு வேலை செய்தாள். தவிசாளர் பேசும்போது பின்னணியில் நாதஸ்வரம், தீர்மானம் நிறைவேறினால் கைதட்டல், திரை முழுக்கச் சொரியும் பூக்கள். ஃபோனிலேயே எல்லாம் இருந்தது, தட்டிவிட்டால் போதும்.

‘பூவை எடுங்கோ. முகம் மறைக்குது’ என்று இராசையா எழுதினார்.

பூவை எடுத்துவிட்டு, ‘பாட்டு எப்பிடி ஐயா?’ என்று கேட்டாள்.

‘பாட்டைப் பற்றிச் சொல்ல எனக்கு ஏலாது பிள்ளை. கதிரையளைத் திருப்பிப் போடுங்கோ. பாதிப் பேரின்ர முதுகுதான் தெரியுது.’

கதிரைகள் திருப்பப்பட்டன. உறுப்பினர்கள் எல்லோரும் ஒரே பக்கமாக, கல்யாணப் படத்துக்கு இருப்பதுபோல ஃபோனைப் பார்த்து இருந்தார்கள். எதிரே ஆளில்லாததால் சண்டை பிடிக்க வழியில்லாமல் போயிற்று. பழக்கதோஷத்தில் ஒருவர் ஃபோனோடு சண்டை பிடித்தார்.

பிறகுதான் உறுப்பினர் துவாரகனின் முறை வந்தது. துவாரகனுக்கு மேலுதட்டைக் கடந்து கீழுதட்டிலும் பாதியை மூடிய மீசை. அதை அவர் வளர்த்தார் என்பதைவிட அது அவரை வளர்த்தது என்பதே சரி.

‘மீசைக்கார உறுப்பினர் நல்லவர் போல இருக்கு. ஆனா அவர் சொல்லுறது ஒண்டும் விளங்கேல்லை. மீசையைக் கொஞ்சம் வெட்டச் சொல்லுங்கோ.’

சிவாஜினி இதை வாசிக்கவில்லை. ஆனால் அவள் முகம் போன போக்கைக் கண்டு துவாரகனே வந்து எட்டிப் பார்த்துவிட்டார்.

“என்ர மீசைக்கும் சபைக்கும் என்ன சம்பந்தம்?”

“விடுங்க துவாரகன்,” என்றார் தவிசாளர். “எங்களுக்கு இருக்கிறதே ஒரு பொதுமக்கள். அவரையும் இழக்கச் சொல்றீங்களா?”

அடுத்த மாதம் துவாரகன் மீசையைக் கத்தரித்துக்கொண்டு வந்தார். அவர் மனைவி, கல்யாணத்தன்று பார்த்த முகம் இதுதான் என்று சொன்னாளாம். அதை அவர் மூன்று பேரிடம் தனித்தனியாகச் சொன்னார்.

இப்படிச் சபை அந்த மனிதருக்காகத் தன்னை மெல்ல மெல்லத் திருத்திக்கொண்டு வருகையில், இராசையா முதன்முறையாகத் தனக்கென்று ஒன்று கேட்டார்.

‘கடற்கரை ஒழுங்கை வளைவில லைட் இல்லை. பொழுதுபட்டா நடக்கப் பயமா இருக்கு. மோட்டச்சைக்கிள் வாறது தெரியுதில்லை.’

சபை கூடி ஆலோசித்தது. மின்கம்பம் நட அனுமதி எடுக்கக் காலம் செல்லும். அதுவரை, வளைவில் வரும் வாகனங்கள் கட்டாயம் ஹோர்ன் அடிக்கவேண்டும் என்று பலகை வைக்கலாம் என்றார் துவாரகன். ஏகமனதாக நிறைவேறியது. கைதட்டல் சத்தத்தைச் சிவாஜினி மறக்காமல் தட்டிவிட்டாள்.

‘ஹோர்ன் சரிவராது. வெளிச்சம் வேணும்.’

“ஒருக்கா அடிச்சாக் காணாது போல,” என்றார் துவாரகன். “ரெண்டுதரம் அடிக்கச் சொல்லுவம்.”

பலகை திருத்தப்பட்டது. அதிலிருந்து கடற்கரை ஒழுங்கையில் ஓட்டோவும் மீன் லொறியும் பாண் வண்டியும் இரண்டிரண்டு தரம் முழங்கின. ஒரு கிழமைக்குள், அதுவரை சபைப் பக்கமே தலைவைத்துப் படுக்காத சனம் கந்தோர் வாசலில் திரண்டு நின்றது.

“தொட்டில்ல கிடக்கிற பிள்ளை திடுக்கிட்டு எழும்புது! எந்த விசரன் இந்தப் பலகையைப் போட்டவன்?”

“பாத்தீங்களா புள்ள,” என்றார் தவிசாளர் மெதுவாக. “பொதுக்காரியத்தில சனத்துக்கு ஆர்வம் வந்திட்டு.”

சிவாஜினி இராசையாவுக்கு எழுதினாள். ‘ஐயா, ஹோர்ன் சத்தம் உங்களுக்கும் கரைச்சலா?’

‘எனக்கு ஒரு கரைச்சலும் இல்லை. இருட்டுத்தான் கரைச்சல்.’

“ஊருக்கே கரைச்சல், இவருக்கு மட்டும் இல்லையாம்!” துவாரகன் குறைந்த மீசையைத் தடவினார். “வீம்புக்குக் கதைக்கிறார் சேர்.”

தவிசாளருக்கும் மனதில் முள் தைத்தது. ஆனாலும் பொறுத்தார். சிவாஜினி புதிதாக ஒரு மைக்கும், முகத்தில் படுகிற மாதிரி ஒரு நல்ல விளக்கும் இரவல் வாங்கி வந்தாள். மேலதிகாரிகளும் பார்க்கப்போவதாகச் சொல்லியிருந்த அமர்வு அது. தவிசாளர் தன் வாழ்நாளிலேயே சிறந்த உரையை ஆற்றினார். கடல், கரை, நீர், வீதி, வருங்காலச் சந்ததி எல்லாம் அதில் வந்தன. முடிவில் அவர் கண்ணே கலங்கிப்போயிருந்தது.

முடிந்ததும் சிவாஜினி பதிவை ஓடவிட்டுப் பார்த்தாள். தவிசாளரின் வாய் அசைந்தது, கை அசைந்தது. சத்தம் மட்டும் இல்லை. புது மைக் தொடக்கத்திலிருந்தே வேலை செய்யவில்லை. மேலதிகாரிகள் வந்த வேகத்தில் வெளியேறியிருந்தார்கள்.

கடைசிவரை நின்றவர் ஒருவர். அவர் எழுதியிருந்தார்: ‘இண்டைக்கு விளங்கின மாதிரி ஒருநாளும் விளங்கேல்லை. தவிசாளர் ஐயாவின்ர பேச்சு நெஞ்சைத் தொட்டிட்டுது. நன்றி.’

தவிசாளர் அதை இரண்டுமுறை வாசித்தார். முகம் கறுத்தது.

“நக்கலடிக்கிறான்.”

“அப்பிடி இருக்காது சேர்...”

“சத்தமே இல்லாத பேச்சு நெஞ்சைத் தொட்டிச்சாமா? இவனுக்காகக் கதிரையத் திருப்பினோம், மீசைய வெட்டினோம், ஊர்ட ஏச்சையும் வாங்கினோம். போதும் புள்ள. நேரலையும் வேணாம், அந்த வளைவுக்கு லைட்டும் வேணாம்.”

நேரலையை நிறுத்தச் சிவாஜினிக்கு மனம் வரவில்லை. ஏனென்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. முகம் தெரியாத அந்த மனிதர் ஒரு அமர்வைக்கூடத் தவறவிட்டதில்லை. முக்காலி இல்லாமல், காய்ச்சலோடு அவள் ஃபோனைக் கையில் பிடித்து நின்ற நாளில் படம் கொஞ்சம் ஆடியதைக் கண்டு, ‘பிள்ளைக்குச் சுகமில்லையோ? கதிரையில இருந்து எடுங்கோ’ என்று எழுதியவரும் அவர்தான்.

“சேர், நிப்பாட்ட முதல் ஒருக்கா ஆளைப் போய்ப் பாப்பம். கடற்கரை ஒழுங்கை எண்டவர்தானே.”

“பாப்போம். நேர்ல ரெண்டு வார்த்த நானும் கேக்கணும்.”

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தவிசாளரே காரை ஓட்டினார். ஒழுங்கை வளைவை நெருங்கியபோது, தன் சபையின் பலகைக்கு மதிப்புக் கொடுத்து ஹோர்னை இரண்டுதரம் அழுத்தினார். முன்விளக்கு வளைவில் திரும்பியது. நடு ஒழுங்கையில், காருக்கு முதுகைக் காட்டியபடி ஒரு மனிதர் மீன்பையோடு ஆறுதலாக நடந்துகொண்டிருந்தார்.

தவிசாளர் பிரேக்கை மிதித்தார். கார் அவருக்கு ஒரு கை தூரத்தில் குலுங்கி நின்றது. தன் நிழல் எதிரே திடீரென்று நீண்டதைக் கண்டுதான் அந்த மனிதர் திரும்பினார்.

“யா அல்லாஹ்...” தவிசாளர் ஸ்டியரிங்கை விடாமல் சொன்னார். “ஒரு மௌத்து விழ இருந்திச்சே! புள்ள, இங்க லைட் போடாம சரிவராது. நாளைக்கே அதுக்கு எழுதுங்க.”

பதற்றம் தணிந்ததும் கோபம் வந்தது. இறங்கிப் போனார். ஆனால் அந்த மனிதர் வெளிச்சத்தில் அவரைக் கண்டதுமே முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டார்.

“தவிசாளர் ஐயாவோ! பிள்ளை, நீங்கள்தானே ஃபோன் பிடிக்கிறது? நான் இராசையா.”

“நீங்களா இராசையா? இவ்வளவு ஹோர்ன் அடிச்சும் நடுரோட்டில அசையாம போறீங்களே! அண்டைக்குச் சத்தமில்லாம போன பேச்ச நல்லா இருக்கெண்டு எழுதினீங்க. எங்கள வைச்சு விளையாடுறீங்களா?”

இராசையா கண்ணிமைக்காமல் அவரது வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வியப்போடு கேட்டார்: “அண்டைக்குச் சத்தம் இல்லையோ?”

தவிசாளர் திகைத்தார். சிவாஜினியும் திகைத்தாள். பிரேக் சத்தம் கேட்டு, எதிர்வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு இராசையாவின் மனைவி புஸ்பராணி பதறியடித்து ஓடிவந்தாள். கணவனின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சொன்னாள்:

“கோவிக்காதேங்கோ ஐயா, இவருக்குக் கனகாலமாக் காது கேக்காது. ஆக்களின்ர வாயைப் பாத்துத்தான் கதையை விளங்குவார். ஊர்க் கூட்டத்துக்கெல்லாம் போய்ச் சும்மா இருந்திட்டு வந்த மனுசன், இப்பதான் சபையில என்ன நடந்ததெண்டு எனக்கு வந்து சொல்லுறார்.”