சட்டைப் பையில் ஒரு கறுப்புச் சதுரம்

ஒரு பொருள் தேவையா, தேவையில்லையா என்று நான் யோசிக்க ஆரம்பித்துவிட்டால், அதை வாங்காமல் விட்டதாகச் சரித்திரம் இல்லை. (மிக்ஸி, ஃபிரிட்ஜ் மாதிரி உண்மையிலேயே தேவைப்படுகிறவற்றை என் மனைவி வசந்தா யோசிக்காமலே வாங்கிவிடுவாள். தேவையில்லாதவை மட்டும்தான் என் இலாகா.)

சின்ன டேப்லெட் விஷயமும் அப்படித்தான். என்னிடம் ஏற்கெனவே ஒரு பெரிய போன் இருந்தது. சட்டைப் பையை அது முழுசாக அடைத்துக்கொள்ளும். பேனா வைக்கக்கூட இடம் கிடையாது. ஆனாலும் படுத்துக்கொண்டு புத்தகம் படிக்க அது சின்னதாக இருந்தது. பெரிய டேப்லெட் வாங்கலாமென்றால், தூக்கம் வரும்போது மூக்கில் விழும். சின்ன டேப்லெட் என்றால், அது என் போனைவிடக் கட்டைவிரல் அகலம்தான் பெரிது. அந்தக் கட்டைவிரலுக்காகத் தனியாக ஒரு சாதனமா? சரி, போனைக் கொடுத்துவிட்டுச் சின்னப் போனாக மாற்றினால் டேப்லெட்டுக்கு ஒரு நியாயம் பிறக்கும். டேப்லெட்டுக்கு நியாயம் செய்வதற்காக, நன்றாக ஓடுகிற போனுக்கு அநியாயம் செய்யலாமா? தவிர, டேப்லெட் சட்டைப் பைக்குள் போகாது. தோள்பை வேண்டும். தோள்பை என்று வந்துவிட்டால் பெரிய டேப்லெட்டே போகும். பெரிய டேப்லெட் மூக்கில் விழும்.

இந்த இடத்துக்கு வந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன். தத்துவ நூல்கள் நிறையப் படித்தவன் நான். ஒன்றிலும் இதற்கு விடை இல்லை.

கடைசியில் செய்தித்தாளை இரண்டு அளவிலும் கத்தரித்துச் சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தேன். வசந்தா வந்து பார்த்தாள்.

"இதுல எது போனு, எது டேப்லெட்டு?"

நிமிர்ந்து அவளைப் பார்த்துவிட்டு மேஜையைப் பார்ப்பதற்குள் மின்விசிறி இரண்டையும் இடம் மாற்றிவிட்டிருந்தது. எனக்கும் தெரியவில்லை.

"பேக்காகித்தா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

'இது தேவைதானா?' என்பதற்கான கன்னடம் இது. நாங்கள் பெங்களூர் ஜோகுபாளையத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர்கள். எங்களுக்குக் கன்னடம் ஒரு பின்கட்டு அறை மாதிரி. தமிழ்நாட்டு உறவினர்கள் முன்னால் ரகசியம் பேச வேண்டுமென்றால் அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வோம். வேலூர்ப் பக்கத்துக் கல்யாணங்களில் பாயசக் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி, முகத்தில் சிரிப்பு மாறாமல், இதில் சர்க்கரை போட்டார்களா இல்லையா என்று கன்னடத்தில் விவாதித்திருக்கிறோம். "ரொம்ப சந்தோஷமா பேசிக்கிறாங்க பாரு" என்று அவர்களும் பூரித்திருக்கிறார்கள். ஒரு தடவைகூட மாட்டியதில்லை.

இந்தச் சமயத்தில்தான் என் மகள் பிருந்தா, தன்னோடு வேலை பார்க்கும் சரவணனைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதாகச் சொன்னாள். நல்ல பையன். எங்களுக்குச் சம்மதம். அவன் அப்பாதான் இன்னும் பிடி கொடுக்கவில்லை. ஈரோட்டில் இருக்கிறார், பெயர் தர்மலிங்கம், முழங்காலில் ஆபரேஷன் செய்துகொண்டு படுத்திருப்பதால் நேரில் வர முடியாது. அதனால் முதல் சந்திப்பு வீடியோவில் என்று முடிவாயிற்று.

"அப்பா, அவருக்கு ஒரே ஒரு பயம்தான்," என்றாள் பிருந்தா. "பெங்களூர்க்காரங்க வெளிய ஒண்ணு, உள்ள ஒண்ணு பேசுவாங்கன்னு யாரோ சொல்லி வெச்சிருக்காங்க. நீங்க சும்மா, சாதாரணமா பேசினா போதும். அன்னிக்கு அவர் 'சரி'ன்னு சொல்லலேன்னா அப்புறம் இது இழுத்துக்கிட்டே போகும். ப்ளீஸ்ப்பா."

மகளின் வாழ்க்கை. தகப்பன் என்ன செய்ய வேண்டும்? நான் அன்றே போய் டேப்லெட் வாங்கி வந்தேன்.

"போன்ல நாலு பேர் மூஞ்சி தெரியுமா? சொல்லு," என்றேன் வசந்தாவிடம். "நல்ல காரியம். முகம் பாத்துப் பேசணும்."

"டிவியில போட்டா ஊரே தெரியும்," என்றாள்.

இது என் யோசனையின் எந்தச் சுற்றிலும் வராத கோணம். அட்டைப்பெட்டியைப் பிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. முறுக்குச் சம்படத்தின் மேல் டேப்லெட்டைச் சாய்த்து வைத்து, அதன் முன்னால் சோபாவில் நாங்கள் மூவரும் உட்கார்ந்தோம். குரூப்பில் பிருந்தா அனுப்பியிருந்த லிங்க்கை முதலில் போனில் தட்டினேன். அப்புறம் டேப்லெட்டிலும் தட்டினேன். ஒன்று காலை வாரினால் இன்னொன்று இருக்க வேண்டாமா? இரண்டு சாதனம் வைத்திருப்பதன் பயன் அந்த நொடியில் எனக்குப் பளிச்சென்று விளங்கியது. சந்தோஷத்தில் வசந்தாவிடம் சொல்லத் திரும்பினேன். அதற்குள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்து 'கொய்ய்ய்ங்' என்று ஊளையிட ஆரம்பித்துவிட்டன.

"அப்பா! என்னத்த பண்ணீங்க?"

"ஒண்ணுமில்லம்மா." போனின் சத்தத்தை அடி மட்டத்துக்கு இறக்கி, சட்டைப் பைக்குள் தள்ளினேன். ஊளை நின்றது. பிரச்சினைகளைத் தீர்ப்பதில் எனக்கிருக்கும் திறமையை நினைத்து நானே தலையசைத்துக்கொண்டேன்.

ஈரோடு தெரிந்தது. கட்டிலில் காலை நீட்டிய தர்மலிங்கம், பக்கத்தில் அவர் மனைவி புஷ்பா, பின்னால் சரவணன். அவர்களுக்குக் கீழே எங்கள் சதுரம். அதற்குப் பக்கத்தில் கன்னங்கரேலென்று இன்னொரு சதுரம். அதில் ஏதோ பெயர் எழுதியிருந்தது. படிக்க முடியவில்லை. (கண்ணாடி போட்டால் வயசு தெரியும் என்று கழற்றி வைத்திருந்தேன். கண்ணுக்காக வாங்கிய டேப்லெட்டைக் கண்ணாடி இல்லாமல் பார்த்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.) கேமராவை மூடி வைத்துக்கொண்டு யாரோ வயசான அத்தை உட்கார்ந்திருக்கிறார் போலும் என்று, அந்தக் கறுப்புச் சதுரத்துக்கும் தனியாக ஒரு வணக்கம் வைத்தேன்.

"நல்லா இருக்கீங்களாங்க?" என்றார் தர்மலிங்கம்.

"நல்லா இருக்கோம் சார். கால் எப்படி இருக்கு?"

கேட்டிருக்கக் கூடாது. அவர் முழங்காலை வலி தொடங்கிய நாளிலிருந்து ஆரம்பித்தார். ஸ்கேனுக்கு வந்தார். ஸ்கேனிலிருந்து இன்னொரு டாக்டருக்குப் போனார். அந்த டாக்டருக்கும் முழங்கால் வலி இருந்திருக்கிறது, அதையும் சொன்னார். அடுக்களையில் குக்கர் விசிலடித்தது.

"ம்யூட் போடுங்கப்பா," என்று முணுமுணுத்தாள் பிருந்தா.

டேப்லெட்டில் மைக் படத்தைத் தட்டினேன். சிவப்புக் கோடு விழுந்தது. இனி நாங்கள் பேசுவது யாருக்கும் கேட்காது. அப்படியே கேட்டாலும், கன்னடத்துக்குள் போய்விட்டால் புரியாது. ஒரு வாசலுக்கு இரண்டு பூட்டு. வேலூர்ப் பாயசச் சிரிப்பை முகத்தில் மாட்டிக்கொண்டோம்.

"ஆபரேஷன் பண்ண டாக்டருக்கே அந்த முட்டியைப் பத்தி இவ்வளவு தெரிஞ்சிருக்காது," என்றேன் நான், கன்னடத்தில், தலையை ஆட்டியபடி.

"நீங்க பேச வந்துட்டீங்களா?" என்றாள் வசந்தா, அதே கன்னடத்தில், பல் தெரியச் சிரித்தபடி. "அவராவது அறுத்துக்கிட்ட காலைப் பத்திப் பேசறார். நீங்க இந்தப் பலகையைப் பத்தி எத்தனை வாரம் என் உயிரை எடுத்தீங்க? பேப்பர் வெட்டி வெச்சு!"

"பலகைன்னு சொல்லாத. எவ்வளவு தெளிவா தெரியறாங்க பாரு."

"போன்லயும் இப்படித்தான் தெரிவாங்க. கட்டைவிரல் அகலம் கம்மியா தெரிவாங்க. பேக்காகித்தா?"

"போன்ல படிச்சா கண் போயிடும்."

"இதை வாங்கினதுலேர்ந்து நீங்க படிச்சது அதோட கையேடு ஒண்ணுதான். அதையும் போன்ல படிச்சீங்க."

"ரெண்டு பேரும் சும்னிரி!" என்று கன்னடத்திலேயே அடக்கினாள் பிருந்தா. இவ்வளவும் நடக்கும்போது மூவர் முகத்திலும் சிரிப்பு ஒரு இழைகூடக் கலையவில்லை. தேர்ந்த குடும்பம்.

அப்போதுதான் கவனித்தேன். தர்மலிங்கம் பேச்சை நிறுத்தியிருந்தார். மூன்று பேரும் அசையாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"படம் நின்னுபோச்சு. நெட் ஜாம்," என்றேன்.

"டேப்லெட்டே தகராறு," என்றாள் வசந்தா. "போனா இருந்தா நின்னிருக்காது."

"அப்பா," என்றாள் பிருந்தா மெதுவாக. "அவங்க பின்னாடி காலண்டர் ஆடுது."

ஆடியது. நன்றாகவே ஆடியது. சரவணன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான், தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கறுப்புச் சதுரத்தைச் சுற்றி, நான் வாயைத் திறந்தபோதெல்லாம் பச்சையாக ஒரு விளிம்பு மின்னுவது அப்போதுதான் உறைத்தது. "யாரு அது?" என்றேன். மின்னியது. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது.

போனில் நான் சத்தத்தைத்தான் குறைத்திருந்தேன். அதன் காதை மூடவில்லை. (நான் அத்தை என்று வணங்கியது என் சட்டைப் பையைத்தான்.)

போகட்டும், கன்னடத்தில்தானே பேசினோம் என்று என் மனம் கடைசிக் கிளையைப் பிடித்தது. தர்மலிங்கம் கட்டிலில் சற்று நிமிர்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பர்வாகில்லா சார்," என்றார். "மொணகாலின கதெ முகீத்து. ஈக நிம்ம டேப்லெட் கதெ ஹேளி."

பரவாயில்லை, முழங்கால் கதை முடிந்தது, இனி உங்கள் டேப்லெட் கதையைச் சொல்லுங்கள் என்று அர்த்தம். எங்களுடையதைவிடச் சுத்தமான கன்னடம். வேலைக்காலம் பூராவும் மண்டியா பக்கத்துச் சர்க்கரை ஆலையில் கெமிஸ்டாக இருந்தவராம். சரவணனுக்கு இதை எங்களிடம் சொல்லத் தோன்றவே இல்லையாம். எதற்குத் தோன்றும்? எங்கள் பின்கட்டு அறையைப் பற்றி அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். இந்தத் தடவை டேப்லெட்டின் ம்யூட்டை எடுத்திருந்தேன், பையைத் தடவியதில் போனின் சத்தமும் ஏறிவிட்டிருந்தது, மன்னிப்புக்குப் பதிலாக ஊளைதான் போயிற்று. வசந்தா என் பையிலிருந்து போனைப் பிடுங்கி சோபா மெத்தைக்கு அடியில் அமுக்கி, அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். பிருந்தா முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். விரலிடுக்கில் கண்ணீர் தெரிந்தது. ஒரு கட்டைவிரல் அகலத்துக்காக என் பெண்ணின் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேன்.

"சார், நான் கிண்டல் பண்றேன்னு நினைக்காதீங்க," என்றார் தர்மலிங்கம், தமிழுக்குத் திரும்பி. "நெசமாத்தான் கேக்கறனுங்க. எங்கிட்டயும் பெரிய போன்தான் இருக்குதுங்க. படுத்தே கெடக்கறனா, சின்னதா ஒரு டேப்லெட் வாங்கிக்கலாமுன்னு ஒரு மாசமா இவகிட்ட கேட்டுட்டு இருக்கறேன். பெருசு வாங்கினா மூக்கு மேல வுழுவும் பாருங்க."

என்னால் நம்ப முடியவில்லை. உலகத்தில் இன்னொரு மூக்கும் இதைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, போதும்," என்றார் புஷ்பா.

"இரு புள்ள. வாங்கினவரு இருக்கறாரு, கேட்டுக்கறேன். சொல்லுங்க சார், பிரயோசனமா?"

நான் யோசித்தேன். (பழக்க தோஷம்.) நான் யோசிக்கிற வேகம் தெரிந்த வசந்தா முந்திக்கொண்டாள்.

"வேணாம் சம்பந்தி. போனே போதும்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. தட்டு மாற்றவில்லை, பூ வைக்கவில்லை, அவர் இன்னும் 'சரி' என்றுகூடச் சொல்லவில்லை. சம்பந்தி என்று கூப்பிட்டாயிற்று. இரண்டு ஊரிலும் சத்தமில்லை. சோபா மெத்தைக்கு அடியிலிருந்து போன் மட்டும் அந்த மௌனத்தை ஈரோட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

புஷ்பா புருஷன் பக்கம் திரும்பினார். "கேட்டுட்டீங்களா? சம்பந்தியம்மாவே சொல்லிட்டாங்க. இனி டேப்லெட் பேச்சு எடுத்தீங்கன்னா பாருங்க."

தர்மலிங்கம் சிரிக்க ஆரம்பித்தார். ஆபரேஷன் செய்த காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பெங்களூர்க்காரங்க உள்ள ஒண்ணு பேசுவாங்கன்னு பயந்துட்டு இருந்தனுங்க," என்றார். "உள்ள என்ன பேசறீங்கன்னும் கேட்டாச்சு. எங்கூட்ல பேசறதேதான். அம்மிணி, அழுவாத. தேதி பாத்துரலாம்."

பார்த்தார்கள். கல்யாணச் சீர்வரிசையில் பழத்துக்கும் வெற்றிலைக்கும் நடுவே ஒரு தட்டில் டேப்லெட்டை வைத்து சம்பந்திக்கு அனுப்பினாள் வசந்தா. தீபாவளிச் சீராக எங்கள் மாப்பிள்ளை கையில் அது திரும்பி வந்தது, புஷ்பா கொடுத்தனுப்பியிருந்தார். பொங்கலுக்கு மறுபடி போயிற்று. இப்போது யார் வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டு ஆண், அது பிரயோசனமா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். இருவரும் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் சம்பந்தி தவறாமல் வீடியோவில் வருகிறார். வணக்கம் கிடையாது, நலம் விசாரிப்பது கிடையாது. கறுப்புச் சதுரத்தை அத்தை என்று வணங்கிய கதையை நானே ஒரு நாள் அவரிடம் உளறிவிட்டதிலிருந்து, முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"சம்பந்தி, அத்தை நல்லா இருக்காங்களா?"

நான் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.