ஏரிக்கரைக் கல்லைக் கழுவ ஆள் தேவை

வேங்கிக்கால்,
வியாழக்கிழமை.

அன்புள்ள மச்சான் குமரேசனுக்கு, மாமா புகழேந்தி எழுதுவது. உன் அக்கா அருணாதேவி நலம். நானும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் அது பொய்யாகிவிடும். போனில் பேசினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்பதால் இந்தக் கடிதம்.

ஏரிக்கரையில் ஒரு நடுகல் உண்டே, மாடு மீட்கப் போய்ச் செத்த வீரனுக்கு அந்தக் காலத்தில் எழுத்து வெட்டி நட்டது. அதைப் பராமரிக்கும் வேலையை எங்கள் வரலாற்றுக் கழகம் என் தலையில் கட்டியிருக்கிறது. ஜனங்கள் அதன் மேலேயே கோழிக்கழிவைக் கொட்டினார்கள். 'குப்பை கொட்டாதீர்' என்று பலகை வைத்தேன், பலகை மேலும் கொட்டினார்கள். பொறுக்க முடியாமல் ஒருநாள் விடியற்காலை கல்லுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, ஒரு எலுமிச்சம்பழத்தையும் வைத்துவிட்டு வந்தேன். குப்பை அன்றோடு நின்றது. உன் அக்காவிடம் பீற்றிக்கொண்டேன். அங்கே ஆரம்பிச்சது மச்சான் வினை. அடுத்த வெள்ளிக்கிழமையே பொங்கல் வெச்சாங்க, தகரக் கொட்டாய் போட்டாங்க, ஏரிக்கரை முனீஸ்வரன்னு பேரும் வெச்சுட்டாங்க. எண்ணெயும் மஞ்சளும் அப்பி அப்பி ஒரு எழுத்துகூடத் தெரியல. பால்காரம்மா சரசுக்கு அருள் வந்து, "எவன்டா என் மாரைச் சுரண்டினவன்? அவனை விடமாட்டேன்"னு கத்தறாங்க. முன்னாடி எழுத்தைப் படிக்கப் பிரஷ் போட்டுத் தேய்ச்சது நான்தானே! கூட்டத்தோட கூட்டமா கன்னத்துல போட்டுக்கிட்டேன்.

இப்போ கழகத் தலைவர் இருசப்பன் ஐயா, எழுத்தைக் காட்டறதுக்கு ஞாயித்துக்கிழமை சென்னை ஆளுங்களைக் கூட்டிட்டு வர்றாராம். "கல்லு சுத்தமா இருக்குல்ல?"ன்னாரு. "கண்ணாடி மாதிரி இருக்குங்க"ன்னுட்டேன். கழுவினா ஜனம் விடாது, கழுவலன்னா கழகம் விடாது, ரெண்டு பேரும் விட்டாலும் அந்தச் சாமி விடுமா? உன் அக்காகிட்டச் சொன்னா, "உண்டாக்கினவரு நீங்க, நீங்களே கேட்டுக்குங்க"ன்றா. நீதான் சாமியே இல்லைன்னு மேடையேறிப் பேசறவனாச்சே. சனிக்கிழமை ஒரு பிரஷ்ஷோட வந்து கழுவிக் குடுத்துட்டுப் போ. உனக்கு ஒன்னும் ஆகாது. எதுக்கும் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வராதே.

நீயும் ஓவியாவும் குழந்தைகளும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க அண்ணாமலையாரை வேண்டும்,

நடுக்கத்துடன்,
மாமா புகழேந்தி.

பி.கு.: பிரஷ் வேண்டாம். கடிதத்தைத் தபாலில் போடப் போகும் வழியில் கல்லுக்கு முன்னால் நின்று, "அப்பா, தலைவர் வராம பண்ணிடு, சேவல் அறுக்கறேன்" என்று வேண்டிக்கொண்டேன். கும்பிட்ட கையை இறக்குவதற்குள் போன். இருசப்பன் ஐயா பாத்ரூமில் வழுக்கி விழுந்து கால் முறிந்துவிட்டதாம், வரமாட்டாராம். வரவைத்தான் மச்சான் நிறுத்தச் சொன்னேன், காலை நான் கேக்கவே இல்லையே! வர்றப்போ நல்ல சேவலா ஒன்னு பிடிச்சிட்டு வா. அதுவரைக்கும் மேடையில பேசறதைக் கொஞ்சம் கம்மி பண்ணிக்க.