போடியில் குடியிருந்த கடல்

போடிநாயக்கனூரில் கடலைக் கட்டி மேய்த்த ஒரே மனிதர் கவாத்து அண்ணன்தான். கடல் இருப்பது ஒரு பகல் முழுக்கப் பஸ்ஸில் போகிற தூரமாச்சே என்று யாராவது கேட்டால், "அது கடலோட கொறை, எனக்கென்ன?" என்பார்.

மலையில் ஏலத்தோட்டங்களின் நிழல் மரங்களுக்குக் கவாத்துப் பார்ப்பது அவர் தொழில். எந்தக் கொம்பை வெட்டினால் செடிக்கு எவ்வளவு வெயில் விழும் என்று அண்ணாந்து பார்த்தே சொல்லிவிடுவார். அண்ணாந்து அண்ணாந்து கழுத்து அப்படியே நின்றுபோய், நம்மோடு பேசும்போதும் நம் தலைக்கு மேலே இல்லாத கிளை ஒன்றைப் பார்த்தபடிதான் பேசுவார்.

எண்பதுகளின் தொடக்கத்தில், அப்பாவுக்குத் திதி கொடுக்க ராமேஸ்வரம் போனவர், ஒரு பிளாஸ்டிக் கேனில் ஆறு உயிர்ப் பவளங்களோடு திரும்பி வந்தார்.

"தீர்த்தம் எங்கங்க?" என்றார் அவர் மனைவி. எனக்கு மதினி முறை.

"இதுவும் அதே தண்ணிதான். கல்லு கொசுறு."

முன்னறையில் கண்ணாடித் தொட்டி முளைத்தது. அப்போது நான் விலங்கியலில் பட்டம் வாங்கி, வேலை கிடைக்காமல், எதிர்வீட்டில் அறிவு வழிய உட்கார்ந்திருந்தேன். ஓடிப்போய், "அண்ணே, இது கல்லில்ல. ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன உயிருங்க சேர்ந்து கட்டுன வீடு" என்று ஆரம்பித்து அரைமணி நேரம் முழங்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி தம்பி. வெயிலு எம்புட்டுத் திங்கும்?" என்றார்.

அதற்கு என் பாடப்புத்தகத்தில் பதில் இல்லை. அவரிடம் இருந்தது. ஜன்னலுக்கு மூங்கில் தட்டி கட்டி, வாரத்துக்கு ஒரு பட்டையாக உருவினார். "ஒரே நாள்ல தொறந்தா ஏலமே கருகிரும். இது பச்சப்புள்ள." கொம்பு கொம்பாக இருந்தவற்றை மேலே வெளிச்சத்தில் வைத்தார், சதை தொங்கியவற்றைக் கீழே நிழலில். அடுத்தடுத்து வைத்த இரண்டு, ஒன்றையொன்று தேள் மாதிரி கொட்டி ஓரம் வெளுத்ததும் ஒரு சாண் தள்ளி வைத்தார். "பங்காளிங்க தம்பி. நடுவுல சந்து விடணும்."

தொட்டித் தண்ணீர் வற்ற வற்ற உப்பு ஏறும். நல்ல தண்ணீர் ஊற்றி ஈடுகட்ட வேண்டும். அளவு பார்க்கப் பால்காரரிடம் லாக்டோமீட்டர் கேட்டார். பால்காரர் வெலவெலத்துவிட்டார்.

"ஏன்ணே, பால்ல ஏதும் கொறையா?"

"ஒம்ம பாலப் பத்தித்தான் ஊருக்கே தெரியுமேய்யா. கடல்ல எம்புட்டுத் தண்ணி கலந்திருக்குன்னு நான் பாக்கணும்."

கரண்டு போனால் காற்று மோட்டார் நின்றுவிடும். அதற்குத் தோட்டத்து ஜீப்பின் ஸ்டெப்னியில் ஆஸ்பத்திரி டிரிப்ஸ் குழாயைச் செருகித் தொட்டிக்குள் குமிழி விட்டார். "எனக்கு வேர்த்துச்சுன்னா ஒரு விசிறி எடுத்துத் தர ஆளில்ல. கல்லுக்கு மூச்சு முட்டுனா ஜீப்புச் சக்கரம் வருது! ஒரு நாளைக்கு இந்தத் தொட்டியத் தெருவுல எறியிறேனா இல்லையான்னு பாருங்க" என்பார் மதினி.

இரண்டு வருடம் அத்தனையும் பூத்துக் குலுங்கின.

மாதம் ஒரு தடவை, ராமேஸ்வரத்துக்கு முந்தின ஊரான மண்டபத்திலிருந்து மீன் வண்டியில் ஒரு டிரம் கடல் தண்ணீர் வரும். ஒரு மாதம் பழைய டிரம் விரிசல் விட்டதால் அண்ணன் வேறொன்றைக் கொடுத்தனுப்பியிருந்தார். தண்ணீர் வந்ததும், தொட்டியில் பாதியை வாளிகளில் இறைத்து வைத்துவிட்டுப் புதுசை ஊற்றினார். மத்தியானத்துக்குள் பவளங்கள் எல்லாம் சுருங்கின. சாயங்காலத்துக்குள் ஆறில் ஐந்து, சளி சளியாக உரிந்து வெறும் எலும்பாகிவிட்டன. நான் அருகில் நின்று ஏதோ லத்தீன் பெயர் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கவாத்து அண்ணன் கழுத்து குனிந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். டிரம்முக்குள் எட்டிப் பார்த்தார். உள் விளிம்பில் நீலமாக ஒரு கோடு. ஏலம் அழுகாமலிருக்கத் தோட்டத்தில் துருசும் சுண்ணாம்பும் கலக்கி அடிக்கிற டிரம் அது. மூன்று தடவை கழுவித்தான் அனுப்பியிருந்தார்.

"முப்பது வருசமா ஏலத்தக் காப்பாத்துற மருந்து தம்பி. அது இதக் கொல்லும்னு எனக்குத் தோணலியே."

துருசில் இருக்கும் செம்பு இந்த உயிர்களுக்கு விஷம் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். டிரம்மைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மொட்டைத்தலை போல உருண்டையாக இருந்த ஆறாவது பவளத்தில் மட்டும் ஓரமாக இரண்டு விரல் அகலத்துக்கு நிறம் மிச்சமிருந்தது. அதை எடுத்து, முன்பே இறைத்து வைத்திருந்த பழைய தண்ணீரில் போட்டோம். மொத்தப் போடியிலும் விஷமில்லாத கடல் அந்த வாளிகளில்தான் இருந்தது. அதுவும் இரண்டு நாளைக்கு மேல் தாங்காது.

மதினி வந்து வாளிக்குள் பார்த்தார். "என்ன முழிச்சுக்கிட்டு நிக்கிறீக? காலையில மொத பஸ்சுக்குக் கெளம்புங்க. வந்த எடத்துலயே கொண்டுபோயி விட்டா அதுக்கு ஏதாச்சும் வழி பொறக்கும்." மறுநாள் தயிர்சோறு கட்டிக் கொடுத்துவிட்டு, வாளிக்கென்று ஒரு குடையும் கொடுத்தார்.

பஸ்ஸில் கவாத்து அண்ணன் காற்றடித்த சைக்கிள் டியூப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அதிலிருந்து டிரிப்ஸ் குழாயை வாளிக்குள் விட்டிருந்தார்.

கண்டக்டர் நின்றார். "கழுத்துல என்னண்ணே மாலையா?"

"காத்து."

"வாளியில?"

"ஆளு."

"ஆளா! அப்ப டிக்கெட்டு?"

"அர டிக்கெட்டு கிழிங்க. ஆனா வெயில் விழாத பக்கம் சீட்டு வேணும்."

ஒவ்வொரு பஸ் ஸ்டாண்டிலும் நான் இறங்கி அவர் கழுத்துக்குக் காற்றடித்தேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு உறைக்கவில்லை.

மண்டபத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். ஒரு பாறையைத் தடவிப் பார்த்து வேண்டாமென்றார். அடுத்ததையும் வேண்டாமென்றார். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர் கரையிலிருந்து கத்தினார். "என்னண்ணே தொலைச்சீங்க?"

"ஒண்ணும் தொலைக்கல. இதுக்கு நல்ல எடமாப் பாக்குறேன்."

"கடலே கெடக்கு! போட்டுட்டு வாங்க!"

"போடுறதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தேன்?"

முக்கால் மணி நேரம் கழித்து, ஒரு பாறையிடுக்கில் அதை வைத்துவிட்டு வெறும் கையோடு ஏறி வந்தார்.

திரும்பும் பஸ்ஸில் வாளியை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "பொழச்சுக்குமா தம்பி?" என்றார்.

விலங்கியல் படித்த எனக்கு அது தெரியாது. "பொழச்சுக்கும்ணே" என்றேன்.

அதற்கப்புறம்தான் காலி வாளியை மடியிலிருந்து இறக்கி வைத்தார். கொஞ்ச நேரத்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். மதுரை வரைக்கும் நான் தோளை அசைக்கவில்லை.